வாசகர் கேள்வி: பழைய இரட்டைக்குழல் வாங்கலாமா?

மலையடிவாரத்தில் மக்காச்சோளம் பயிரிடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் கிடைத்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பெரியவர் தம்முடைய பழைய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்க முன்வந்திருக்கிறார். எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது காகிதம். துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணும் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடை விதிக்கிறது.

அடுத்து துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். விற்பவர் "தோட்டா இல்லை" என்று சொன்னாலும் இதை விடக்கூடாது.

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தால், ஒளி வட்டங்கள் கோணலில்லாமல் தெரிய வேண்டும். வளையம்போல் நிழல் விழுந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது, அது ஆபத்து. துருக்குழி தோட்டா அறைப் பக்கம் இருந்தாலும் வேண்டாம். குழலை விரலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணிபோல் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் இரு குழலையும் இணைக்கும் பட்டையின் பற்று விட்டிருக்கலாம்.

முன்கட்டையை எடுத்துவிட்டு, பூட்டிய நிலையில் ஆட்டிப் பார்த்தால் குழல் அசையக்கூடாது. பின்கட்டையில் கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கும்போது விசை வேலை செய்யவே கூடாது.

பலரும் கவனிக்காதது அறையின் நீளம். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. வெடித்தபின் விரியும் நீளத்தையே 70 என்று குறிப்பதால் அது சிறிய அறைக்குள்ளும் நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது அழுத்தம் கூடும். குழலின் மேல் அலையலையாக வரி ஓடினால் அது முறுக்கிரும்புக் குழல். இன்றைய மருந்துத் தோட்டாவுக்கு அதை நம்பக்கூடாது. இவற்றில் சந்தேகம் இருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் உரிமையாளரே கொண்டுபோய்க் காட்டி, அளந்து பார்ப்பதே நல்லது.

எல்லாம் சரியாக இருந்தாலும் அன்றே கைமாற்ற முடியாது. தனியாள் விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். அதற்குள் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாமல் இருப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதால், வனத்துறை அனுமதியில்லாமல் சுட்டால் வழக்கு விவசாயி மீதுதான் பாயும். அதனால் பணம் கொடுக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால், அந்தப் பணத்தைச் சூரியசக்தி வேலிக்குப் போடுவதே பயிரைக் காக்கும்.