ஈயக் குண்டின் இன்னோர் இலக்கு

பூதப்பாண்டியிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குச் செல்லும் சாலையில், வயல்கள் முடிந்து ரப்பர் மரங்கள் தொடங்கும்போதே காடு நெருங்கிவிட்டது என்பது தெரிந்துவிடும். அண்மையில் அங்கு சென்றபோது, சிறு விவசாயி ஒருவர் தமது மரச்சீனித் தோட்டத்தைக் காட்டினார். முந்தைய இரவு வந்த காட்டுப்பன்றிகள், மூடு மூடாகக் கிளறிப் போட்டிருந்தன. "காவல் இருந்தால் உறக்கம் போகிறது; உறங்கினால் விளைச்சல் போகிறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தமது தாத்தா காலத்தில் இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்ததையும், அதை நாட்டுத் துப்பாக்கியில் கெட்டித்துப் பன்றி விரட்டியதையும் நினைவுகூர்ந்தார். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், அப்படி ஓர் எண்ணம் மனதில் எழும் அளவுக்கு அவர் கைவிடப்பட்டிருக்கிறார் என்பது புரிந்தது.

மலையோரத் தமிழகத்தில் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கியும் கையால் வார்த்த ஈயக் குண்டும் பிடிபட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், அதைக் குற்றச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அது குற்றமே, ஐயமில்லை. ஆனால், அந்தச் சிறு குண்டுக்குள் வேளாண்மைப் பிரச்னை ஒன்றும், பொதுச் சுகாதாரப் பிரச்னை ஒன்றும் சேர்ந்தே உருக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டா, வெடிமருந்து ஆகியவற்றுக்கான வரையறைக்குள் அவற்றின் உறுப்புகளையும் சேர்த்திருக்கிறது. உரிமமின்றி இவற்றைத் தயாரிப்பது 5-ஆவது பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளது. சட்டவிரோதத் தயாரிப்புக்கு முன்பு 3 முதல் 7 ஆண்டுகள் வரை இருந்த சிறைத் தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் என்று உயர்ந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தண்டனை தனி. ஈயத்தின்மீது அரசுக்குள்ள கவனமும் புதியதல்ல. பிரிட்டிஷ் இந்தியாவின் 1878 ஆயுதச் சட்டமே, ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றை அரசு விரும்பினால் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வழி செய்திருந்தது. குண்டாக மாறக்கூடிய உலோகம் என்ற முறையில் ஈயத்தைச் சட்டம் நன்கு அறியும். நஞ்சு என்ற முறையில்தான் அது ஈயக் குண்டை இன்னும் பார்க்கவில்லை.

அதே ஆயுதச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றுக்குக் குடிமகன் விண்ணப்பித்தால், சட்டரீதியான தடை ஏதும் இல்லாத நிலையில் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது 13-ஆவது பிரிவு. அதாவது, 1959-இல் சட்டம் இயற்றியவர்களின் கண்முன் கீரிப்பாறை விவசாயியைப் போன்ற ஒருவர் இருந்திருக்கிறார். துப்பாக்கி கையில் இருப்பதாலேயே காட்டுயிரைச் சுடும் உரிமை வந்துவிடாது என்பது வேறு. ஆனால், உரிமத்துக்கான நேர்வழி சாமானியர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்போது, குறுக்குவழி தாழ்வாரம் வரை வந்து நிற்கிறது.

காட்டுப்பன்றி விவகாரத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றிகளைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். காட்டுயிர்ப் பாதுகாப்பின் நோக்கில் இந்தப் பகுப்பு நியாயமானதே. ஆனால், வரைபடத்தைக் கீரிப்பாறையின்மீது வைத்துப் பாருங்கள். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் மடியில் கிடக்கும் மலையோர ஊர்களுக்கு, முதல் வளையமே வாழ்விடம். பன்றி முதலில் வரும் தோட்டத்துக்கு நிவாரணம் கடைசியில்கூட வருவதில்லை. மூன்றாவது வளையத்துக்கான தீர்வை முதல் வளையத்தில் அனுமதிக்க முடியாது என்றால், முதல் வளையத்துக்கென்று தனித் தீர்வு வேண்டாமா?

எல்லைக்கு அப்பால் கேரளம் 2022-இல் வேறு வழியை எடுத்தது. உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு பன்றிகளைச் சுட ஏற்பாடு செய்தது. அதன் நிறைகுறைகள் அங்கே இன்றும் விவாதிக்கப்படுகின்றன. இரு மாநிலங்களின் விவாதத்திலும் விடுபட்டுப்போன கேள்வி ஒன்றுதான்: சுடப்படும் குண்டு எதனால் ஆனது?

தமிழ் இந்த உலோகத்தை எப்போதோ இனம் பிரித்துவிட்டது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆக வேண்டியது; குண்டு வார்ப்பது காரீயத்தில். வெள்ளீயத்தில் காரீயம் கலந்துவிடக் கூடாது என்று அடுக்களையில் காட்டும் எச்சரிக்கை, குண்டு வார்க்கும் இடத்தில் இல்லை. காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், விறகடுப்பே போதும். இந்த எளிமைதான் ஆபத்து. உருகிய ஈயத்தின்மேல் படியும் ஆக்சைடு கசடு தூளாகிக் கையிலும் உடையிலும் தரையிலும் ஒட்டுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் புகையாகவும் எழுகிறது. பழைய வாகன பேட்டரியிலிருந்து எடுத்த ஈயமாக இருந்தால், ஆண்டிமனி போன்ற பிற நச்சுப் பொருள்களும் உடன் சேரும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில், உரிய சட்டங்களுக்கு உட்பட்டுக் குண்டு வார்த்துத் தோட்டாவை மறுநிரப்புவது ஒரு பொழுதுபோக்கு. வார்த்த குண்டைத் துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்துக்கு ஏற்ப அளவுப்படுத்தும் அச்சுக் கருவிகள் அங்கே உண்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் கணக்கில் கொள்வார்கள். அவர்களே காற்றோட்டம் வேண்டும், வேலையிடத்தில் உண்ணக் கூடாது, கைகழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது என்றெல்லாம் எச்சரிக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு ஒளித்து வார்க்கும் குண்டுக்கு அளவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அளவு தவறினால் வெடிப்பது குழலாக இருக்கலாம். சிதைவது சுடுபவரின் விரல்களாகவும் கண்ணாகவும் இருக்கலாம்.

குண்டு இலக்கை அடைந்த பிறகும் கதை முடிவதில்லை. ஈயம் மென்மையான உலோகம். எலும்பில் மோதியதும் நுண்துகள்களாகச் சிதறி இறைச்சியில் பரவுகிறது. 2008-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 700-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டை இறைச்சி உண்டவர்களிடம் ஈய அளவு சற்றுக் கூடுதலாக இருந்தது. கூடுதல் சிறிதுதான். ஆனால், பாதுகாப்பானது என்று கூறத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் குழந்தையின் மூளையை அது பாதிக்கிறது; அந்தப் பாதிப்பு திரும்பப் பெற முடியாதது. யூனிசெஃப் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருக்கிறது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். பேட்டரி மறுசுழற்சி, வண்ணப்பூச்சு, கலப்பட மசாலா என அதன் காரணங்கள் பல. குண்டு அவற்றில் சிறியது. ஆனால், குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு அதுவே பெரியது.

உலகம் இதை உணரத் தொடங்கிவிட்டது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளை முற்றாகத் தடை செய்தது. இறந்த விலங்கின் உடலைத் தின்று ஈய நஞ்சேறிய காண்டர் கழுகுகள் அதற்கு முக்கியக் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயச் சன்னங்களுக்குத் தடை விதித்தது. டென்மார்க் 2024-இல் ஈயத் தோட்டாக்களையும் விலக்கியது. டைக்ளோஃபெனாக் மருந்து பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வதை அறியும் முன்பே அவற்றில் பெரும்பகுதியை இழந்துவிட்ட நாடு நம்முடையது. இன்னொரு நஞ்சுக்கும் அதே போலத் தாமதமாக விழித்தெழ வேண்டிய தேவை இல்லை.

எனவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். வனத்துறையினர் காட்டுப்பன்றியைச் சுடும் இடங்களில் ஈயமற்ற தோட்டாக்களைப் பயன்படுத்த வேண்டும். சுடப்பட்ட உடல் காட்டில் கிடக்க விடப்படக் கூடாது. ஈய மறுசுழற்சியும் வார்ப்பும் நிகழும் பகுதிகளில் குழந்தைகளுக்கு இரத்த ஈயச் சோதனையை அரசு மருத்துவமனைகள் இலவசமாகச் செய்ய வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இந்த மாவட்டத்தில் அதற்கு முன்கை எடுக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில், உரிமமில்லா துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்போர்மீது வழக்கில்லை என்று காவல்துறை அறிவித்தது போன்ற ஏற்பாடு, தண்டனையைவிடச் சில நேரம் கூடுதல் பயன் தரும். அனைத்துக்கும் மேலாக, முதல் 1 கி.மீ.க்குள் வாழும் விவசாயிக்குச் சூரிய மின்வேலி மானியமும், அறுவடைக்கு முன்பே கைக்குக் கிடைக்கும் இழப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும்.

குளச்சல் போருக்குப் பின் டிலனாய் பீரங்கி வார்க்க உலை அமைத்த உதயகிரிக் கோட்டை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த உலைகள் அணைந்து காலங்கள் ஆகிவிட்டன. மலையோரக் குடிசை அடுப்புகளில் ஈயம் உருகாமல் இருப்பதற்குக் காவல்துறையின் அச்சம் மட்டும் போதாது. மரச்சீனி மூட்டைக் காக்க ஒருவர் தம் குழந்தையின் இரத்தத்தைப் பணயம் வைக்க நேர்ந்தால், அங்கே முதலில் குறி தவறியது நமது நிர்வாகம்தான்.