முறைப்பாடு மலையிறங்க வேண்டும்

வட்டவளையிலே மழை ஓய்ந்த நாளைக் காண்பது அரிது. இலங்கையில் மிகுந்த மழைவீழ்ச்சி பெறும் இடங்களுள் ஒன்று அது. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் அங்கே மழை கொட்டுகின்றது. அந்த மழையிலே, சறுக்கும் சரிவிலே, இடுப்பிலே படங்கைக் கட்டிக்கொண்டு, தலையிலே கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு எமது சகோதரிகள் கொழுந்து பறிக்கின்றனர். அவர்கள் பறிக்கும் கொழுந்து உலகெங்கும் செல்கின்றது. ஆனால், அதைப் பறிக்கும்போது அவர்களுக்கு நேரும் ஆபத்தைப் பற்றிய செய்தி தோட்டத்தின் எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. இந்த நிலை மாறுதல் வேண்டும் என்பதே நாம் இன்று கூறவந்தது.

ஆபத்துக்கள் எவை என்பதை மலையகத்தில் வாழ்வோருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரத்திலும் பாறையிலும் கூடு கட்டியிருக்கும் குளவி கலைந்துவிட்டால் ஓடி ஒளிய இடமில்லை. குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டோர் பற்றியும், உயிர் துறந்தோர் பற்றியும் ஆண்டுதோறும் பத்திரிகைகளிலே படிக்கின்றோம். மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் உண்டா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகின்ற கேள்வி. ‘ஸ்டோர்’ என்று தோட்டத்து மக்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளே ரோலரும், ஓடும் பட்டியும், உலர்த்தும் அடுப்பும், மூச்சிலே கலக்கும் தூசும் இருக்கின்றன.

இவற்றைக் கண்ட தொழிலாளி யாரிடம் சொல்லுகின்றார்? கங்காணியிடம் சொல்லுகின்றார். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்லுவார். கணக்கப்பிள்ளை துரையிடம் சொன்னாலும் சொல்லலாம். சொல்லாமல் விட்டாலும் விடலாம். மிஞ்சினால் தோட்டத் தலைவரின் காதிலே போடுவதுண்டு. அதற்கு அப்பால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கின்றது, அதற்குச் சட்டம் ஒன்று இருக்கின்றது, அச்சட்டத்தை நடத்த உத்தியோகத்தர் இருக்கின்றனர் என்ற எண்ணம் பிரட்டுக்களத்திலே எழுவதேயில்லை.

இது தொழிலாளியின் அறியாமை என்று இலகுவாகச் சொல்லிவிடுவோர் உளர். நாம் அதனை ஏற்கமாட்டோம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. அந்தத் தவற்றின் மிச்சத்தைத் துடைக்க 2003 ஆம் ஆண்டிலே இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. தம்மைப் பிரசை என்றே ஏற்க மறுத்த அரசாங்கத்துக்கு எவர் மனு எழுதுவார்? அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டமே அவருக்கு அரசாங்கமாக இருந்தது. துரையே நீதிபதி, துரையே அதிகாரி. அந்தப் பழக்கம் வாக்குரிமை திரும்பி வந்த பின்பும் நீங்கவில்லை. வாக்களிக்கக் கற்றுக்கொண்டதைப் போல, அதிகாரிக்கு முறைப்பாடு எழுதவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகின்றது?

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுமாறும், நீராவிக் கொதிகலன்களைப் பரிசோதிக்குமாறும், தீ மூண்டால் தப்பிச் செல்ல வழி வைக்குமாறும் விதிக்கின்றது. உயிரிழப்பு நேர்ந்தாலும், தொழிலாளி ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாதவாறு காயமுற்றாலும், அதனைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். இப்பொறியியலாளர்கள் தொழில் திணைக்களத்தின் கைத்தொழிற் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விபத்தை அறிவிக்கும் கடமை தொழில் கொள்வோர் மீதே சுமத்தப்பட்டிருக்கின்றது. தம்மிடத்துக் குறையைத் தாமே ஒப்புக்கொள்ளும் கடமை அது. எல்லோரும் அதனை நேர்மையாக நிறைவேற்றுவார்கள் என்று நம்பியிருப்பது விவேகமாகாது. தொழிலாளியின் கடிதமும் போய்ச் சேர்ந்தாலன்றி அதிகாரியின் மேசையில் உண்மை முழுமை பெறாது.

இன்னொன்று இதனினும் பெரிய குறை. இச்சட்டம் ஸ்டோருக்குள்ளே நுழைகின்றது. ஸ்டோர் வாசலிலேயே நின்றும் விடுகின்றது. கொழுந்து மலை தொழிற்சாலை என்ற வரைவிலக்கணத்துள் அடங்கவில்லை. தோட்டத்துத் தொழிலாளரிற் பெரும்பாலோர் எங்கே வேலை செய்கின்றனரோ, குளவியும் வழுக்குப் பாறையும் மருந்துப் புகையும் எங்கே இருக்கின்றனவோ, அங்கே அந்தச் சட்டம் ஏறுவதில்லை. பெருந்தோட்டங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1995 ஆம் ஆண்டிலே ஏற்று உறுதிப்படுத்தியது. தோட்டங்களிலே தொழிற் பரிசோதனை நடைபெற வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு பகுதி. பாதுகாப்பான வேலைத்தலம் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று 2022 ஆம் ஆண்டிலே சர்வதேசத் தொழில் மாநாடும் பிரகடனம் செய்தது. ஜெனீவாவிலே ஒப்புக்கொண்டதை வட்டவளையிலே நடைமுறைப்படுத்த என்ன தடை என்று எமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலே கேட்க வேண்டாமா?

அச்சம் நீங்குமா?

“முறைப்பாடு செய்தால் பெயர் வெளியே வராதா?” என்று தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்வி. குடியிருக்கும் லயன் தோட்டத்துக்குரியது. நாளைக்கு மலையிலே அரைப் பேர் போட்டுவிட்டால் அடுப்பு எரியாது. அண்ணன் மீதுள்ள கோபம் தங்கையின் வேலையிலே காட்டப்படலாம். இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று பட்டணத்திலிருந்து பேசுவது எளிது.

தொழிற் பரிசோதனை பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1956 ஆம் ஆண்டிலேயே ஏற்றது. முறைப்பாடு எவரிடமிருந்து வந்தது என்பதைப் பரிசோதகர் முற்றாக இரகசியமாக வைத்தல் வேண்டும் என்றும், முறைப்பாட்டின் பேரிலேதான் வந்தேன் என்று தொழில் கொள்வோருக்கு அவர் காட்டிக்கொள்ளலாகாது என்றும் அது கூறுகின்றது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் வந்த திருத்தமோ, தொழில் கொள்வோரின் தவற்றை வெளிப்படுத்தும் வாக்குமூலத்தைச் சட்டப்படி நல்லெண்ணத்துடன் அளித்த காரணத்துக்காக ஒருவரை வேலை நீக்கம் செய்வதைத் தடுக்கின்றது.

ஆயினும், காகிதத்திலுள்ள காவல் மட்டும் போதாது என்பதை நாம் மறைக்கமாட்டோம். ஒரு மலையிலே இருபது பேர் வேலை செய்தால், எழுதியவர் எவர் என்று ஊகிக்க அதிக நேரம் செல்லாது. ஆகவே தனியொருவர் எழுதுவதிலும் பலர் சேர்ந்து கையொப்பமிடுவது நன்று. தொழிற்சங்கத்தின் பெயரால் எழுதுவது அதனினும் நன்று. சங்கங்களுக்கு நாம் ஒன்று கூறுவோம்: சந்தாப் பணத்தை மாதந்தோறும் பெறுகின்ற நீங்கள், ஆபத்து முறைப்பாட்டை எழுதி அனுப்புவதையும் மாதந்தோறும் செய்யும் வேலையாகக் கொள்ளுங்கள். சம்பளப் போராட்டத்துக்குச் சங்கம், உயிருக்கு ஆண்டவன் என்று பிரித்துவிடாதீர்கள்.

எழுதும் முறை

முறைப்பாடு அழுகையாக இருத்தலாகாது. சாட்சியமாக இருத்தல் வேண்டும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் மலை, எந்த இயந்திரம், எந்த நாள், எந்த நேரம் என்று எழுதுக. கண்டதை மட்டும் எழுதுக. கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதாதிருக்க. நிர்வாகத்துக்கு எப்போது சொல்லப்பட்டது, என்ன மறுமொழி கிடைத்தது என்பதையும் சேர்க்க. கைத்தொலைபேசியிலே படம் எடுக்க முடியுமாயின் அதனையும் இணைக்க. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டையும் பிரதியையும் பத்திரப்படுத்துக.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். ஸ்டோரிலுள்ள இயந்திரக் குறைபாடு தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்குரியது. வேலை நீக்கம், பழிவாங்கல் போன்றவை தொழில் அலுவலகத்துக்குரியவை. காயத்துக்கு நட்டஈடு கோருவது 1934 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம்; விபத்து மலையில் நேர்ந்தாலும் ஸ்டோரில் நேர்ந்தாலும் அவ்வழி உண்டு. நஞ்சு மருந்துகள் பற்றியது 1980 ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் சட்டத்தின் கீழுள்ள பதிவாளருக்குரியது. லயனுக்கு மேலே நிலம் வெடித்திருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்தல் வேண்டும்.

தமிழிலேயே எழுதுங்கள். நாட்டின் எப்பகுதியிலிருந்தும் அரசாங்க உத்தியோகத்தருடன் தமிழிலே தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தந்திருக்கின்றது. மறுமொழி வராவிடின் வாளாவிருக்க வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, “எமது முறைப்பாட்டின் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? பரிசோதகர் வந்தாரா?” என்று கேளுங்கள். தகவல் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். கோப்பிலே உறங்கும் கடிதத்தைத் தட்டி எழுப்ப இதனினும் நல்ல கோல் இல்லை.

கோப்பிலே உறங்கும் எச்சரிக்கை எத்துணைக் கொடியது என்பதை மலையகம் அறியும். கொஸ்லாந்தை மீரியாபெத்தையிலே 2005 இலும் 2011 இலும் அபாயம் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. மக்கள் இடம் மாற்றப்படவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையிலே மலை சரிந்து லயன்களை மூடிற்று. கடல் கடந்தும் இதே கதைதான். வங்காளதேசத்தின் தலைநகருக்கு அருகேயுள்ள ரானா பிளாசா என்னும் கட்டடத்திலே 2013 ஏப்ரல் 23 ஆம் திகதி சுவர்கள் வெடித்திருந்ததைத் தொழிலாளர் கண்டனர். அங்கேயிருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. தைத்தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். சம்பளம் போய்விடுமே என்று அஞ்சிப் படியேறினர். 1,134 பேர் மாண்டனர். ஆபத்தைக் கண்டவர்கள் இருந்தனர். கண்டவரின் சொல்லுக்கு அதிகாரம் இல்லாதிருந்தது.

முறைப்பாடுகள் பெருகினால் தோட்டத்தொழில் நலிந்துவிடும் என்று நிர்வாகத் தரப்பிலே சொல்லப்படுவதுண்டு. தேயிலைத் தொழிலுக்கு இடர்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ரோலருக்கு ஒரு வேலியும் மருந்தடிப்பவருக்கு ஒரு முகமூடியும் வாங்குவதால் நலிந்துபோகும் தொழில் ஏற்கனவே வேறு காரணங்களால் நலிந்ததாகும். கொழுந்து பறிக்க இளைஞர் வரவில்லை என்று வருந்தும் கம்பனிகள், உயிருக்குக் காவலில்லாத வேலைக்கு எந்த இளைஞர் வருவார் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

மலையகத்திலே பிறந்து கற்று ஆசிரியராய், தாதியராய், சட்டத்தரணியாய், எழுதுவினைஞராய் உயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தாயின் கூடைக் கயிறே உங்கள் படிப்பின் விலை. தோட்டத்து லயனிலே மாதத்துக்கு ஒரு மாலை அமர்ந்து, மக்கள் சொல்லச் சொல்ல முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள். உங்கள் பேனாவுக்குத் துரையிடம் அச்சம் இல்லை.

விவசாயிகளே, நீங்களும் இதற்குப் புறம்பானவர்கள் அல்லர். நுவரெலியாவின் மரக்கறித் தோட்டமாயினும், யாழ்ப்பாணத்தின் வெங்காயத் தறையாயினும், கூலிக்கு ஆள் வைத்து மருந்தடிக்கும்போது நீங்களே தொழில் கொள்வோர். துரையிடம் எதைக் கேட்கின்றோமோ, அதனை எமது தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நாம் முதலிற் கொடுத்தல் வேண்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை மூன்று. பாதுகாப்புச் சட்டம் ஸ்டோர் வாசலைத் தாண்டிக் கொழுந்து மலைக்கும் ஏறட்டும். தமிழ் அறிந்த பரிசோதகர்கள் மலையகத்துக்கு நியமிக்கப்படட்டும். அவர்கள் தோட்டத்துக்கு வரும்போது துரையின் பங்களாவோடு நில்லாமல், முன்னறிவிப்பின்றி மலைக்கும் ஸ்டோருக்கும் செல்லட்டும்.

அரசாங்கம் இவற்றைச் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றுள்ள சட்டத்தைக் கொண்டே இன்று எழுதலாம். அடுத்த முறை வட்டவளையில் எவரேனும் வேலியற்ற இயந்திரத்தையோ, மரத்திலே புதிதாய்க் கட்டிய குளவிக் கூட்டையோ காணும்போது, அந்தச் செய்தி கங்காணியோடு நின்றுவிடாமல் தபாற்கந்தோர் வரை இறங்கி வரட்டும்.