ஏட்டில் ஏறாத ஆடுகள்

சனிக்கிழமை விடியுமுன்னே எட்டயபுரம் ஆட்டுச் சந்தை நிறைந்துவிடுகிறது. விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கத்திலிருந்து வேம்பூர்ச் செம்மறிகளும், கரிசல் காட்டின் செல்வமாகிய கன்னி ஆடுகளும் வந்து இறங்குகின்றன. துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவோர், பல்லைப் பிடித்து வயது பார்ப்போர், குட்டியைத் தூக்கி எடை கணிப்போர் என்று ஒரே ஆரவாரம். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்து, ஆடுகள் வண்டியேறிவிடுகின்றன. மறுநாள் ஞாயிறு. கோவில்பட்டி முதல் தூத்துக்குடி வரை கறிக்கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை ஆடுகள் அறுபட்டன என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தெரிந்தது அவரவர் கணக்கு மட்டுமே. ஊரின் கணக்கு எவரிடமும் இல்லை. ஆனால் ஆண்டு முடிந்ததும் இறைச்சி உற்பத்தி இத்தனை டன் என்று அரசாங்கத்தின் அறிக்கை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. இந்த முரண்பாட்டைத்தான் நாம் இங்கே வழக்குமன்றத்தில் நிறுத்த விரும்புகிறோம்.

அரசாங்கம் கணக்கே எடுப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. 1919-20 முதல் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அது உயிரோடு நிற்கும் ஆடுமாடுகளின் கணக்கு. பால், முட்டை, இறைச்சி, கம்பளி ஆகியவற்றிற்கு ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. மார்ச்சில் தொடங்கும் ஆண்டைக் கோடை, மழை, குளிர் என மூன்று பருவங்களாகப் பிரித்து, பருவத்திற்குச் சில கிராமங்களைப் பொறுக்கியெடுத்து விவரம் திரட்டுகிறார்கள். அறுக்கப்பட்ட பிராணிகளின் எண்ணிக்கையைச் சராசரிக் கறி எடையால் பெருக்கினால் இறைச்சி உற்பத்தி கிடைக்கும் என்பது முறை. முறையில் குற்றமில்லை. ஆனால் பெருக்கப்படும் இரண்டு எண்களில் ஒன்று பொய்த்தாலும் விடை பொய்த்துவிடுமே!

எண்ணிக்கை எங்கே பொய்க்கிறது? நகராட்சித் தொட்டியில் முத்திரை குத்தப்பட்ட ஆடு ஏட்டில் ஏறுகிறது. கடையின் பின்கட்டில் அறுபட்டது ஏறுவதில்லை. நகராட்சி எல்லைக்குள் அனுமதி பெற்ற கூடத்திலன்றி வேறெங்கும் அறுக்கக்கூடாது என்று 2001ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. விதி ஒரு புறம் இருக்க, வழக்கம் ஒரு புறம் நடக்கிறது. கிராமத்திலோ பத்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, மரத்தடியில் உரித்துக் கூறு போட்டுக்கொள்கிறார்கள். அங்கே முத்திரைக்கு என்ன வேலை? கோயில் கொடைகளில் விழும் கிடாய்களும், கலியாணப் பந்தலுக்கு அறுபடுபவையும், நம் ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானியும் அப்படியே. இவற்றையெல்லாம் மதிப்பீடு என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுகிறார்கள்.

மறைக்கச் செய்தால் கணக்கு மாயும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்தது. 2003இல் அதனைக் கண்டிப்பாகச் செயற்படுத்த உத்தரவிட்டார்கள். எளிய மக்களின் எதிர்ப்பு வலுக்கவே, 2004இல் சட்டத்தையே நீக்க வேண்டியதாயிற்று. அச்சத்தோடு அறுப்பவன் எந்த அதிகாரியிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்வான்?

"கறி கிடைத்தது, உண்டோம், கணக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மானாவாரி மண்ணை அறியாதவர்களே அப்படிக் கேட்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் கீதாரி என்ன செய்கிறார்? தீவனத்திற்கு வழியின்றி, சினையாட்டையும் குட்டியையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். அவை கத்திக்குப் போகின்றன. அறுப்பு பெருகுகிறது; அதனால் இறைச்சி உற்பத்தி கூடியதாக அறிக்கை சொல்கிறது! ஒரு குடும்பத்தின் அழிவு அரசாங்க ஏட்டில் வளர்ச்சி என்று பெயர் சூட்டிக்கொள்கிறது. எந்த மாதத்தில், எந்த வட்டத்தில், எந்த வயதுடைய ஆடுகள் அறுபட்டன என்ற விவரம் இருந்தால், அது வளர்ச்சியன்று, துயரம் என்று கண்டு தீவனம் அனுப்பலாம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு எத்தனை தடுப்பூசி வேண்டும், எந்த ஊருக்குத் தண்ணீர் வசதியுள்ள அறுப்புக்கூடம் வேண்டும் என்பதையும் அதே ஏடு சொல்லும்.

மற்றொன்றும் உண்டு. நம் சமுதாயத்தைக் குறித்து, நாட்டின் மாட்டையெல்லாம் இவர்களே தின்று தீர்க்கிறார்கள் என்று மேடைகளில் முழங்குவோர் இருக்கின்றனர். 2023-24ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவின் மொத்த இறைச்சி ஏறத்தாழ 102.5 லட்சம் டன். அதில் சரிபாதியை நெருங்குவது கோழி. எருமை 18 விழுக்காடு, வெள்ளாடு 15.5, செம்மறி 11. மாட்டிறைச்சியோ 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அந்த ஆட்டையும் கோழியையும் உண்போர் எல்லாச் சமயத்தாரும் அல்லவா? வதந்திக்கு விடை வசை அன்று, எண்ணே என்று நாம் சொல்வோம். ஆனால் அந்த எண்ணே ஓட்டை உடையது என்றால், எதிரி அதைக் கேலி செய்யும்போது நாம் எதைக்கொண்டு நிற்பது?

இனி நம் பக்கக் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். கட்டணத்திற்கு அஞ்சி, பத்து அறுத்துவிட்டு நான்கு என்று எழுதச் செய்யும் கடைக்காரர்களில் நம்மவரும் இருக்கிறார்கள். கணக்குக் கொடுத்தால் வரி வரும் என்பது அவர்கள் வாதம். நாற்பது ஆடு சேர்ந்தால் ஓர் ஆடு, நூற்று இருபத்தொன்றுக்கு இரண்டு என்று மந்தையை எண்ணி ஜகாத் கொடுக்கக் கற்ற சமுதாயம் நாம். ஆட்டை எண்ணுவதையே வணக்கத்தின் பகுதியாக்கிய மார்க்கம் நம்முடையது. அளவில் குறை செய்வோரை எச்சரிக்க ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. தராசில் காட்டும் நேர்மையை ஏட்டில் காட்ட வேண்டாமா?

வேறொரு தயக்கம் நியாயமானது. கொடுத்த பட்டியல் நாளை நமக்கே கண்ணியாகுமோ என்ற அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆயினும் புள்ளிவிவரத்திற்கு வேண்டியது எண்ணிக்கையே, பெயர் அன்று. தனியொருவர் தந்த விவரத்தை அவரை அடையாளம் காட்டும்படி வெளியிடலாகாது என்பதே 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின் நெறி. எண்ணைக் கொடுப்போம், பெயரைக் கேட்டால் சட்டத்தைக் காட்டுவோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு தொட்டியின் வாயிலிலும் மாதந்தோறும் அறுப்பின் எண்ணிக்கையை, செம்மறி வேறு வெள்ளாடு வேறாக, பலகையில் எழுதி வைக்கட்டும். சராசரி எடையை மேசையில் அமர்ந்து எழுதாமல், தராசில் தொங்கவிட்டு எழுதட்டும். அறுப்பவருக்குத் தண்ணீரும் வடிகாலும் தந்துவிட்டுப் பிறகு கட்டணம் கேட்கட்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. குர்பானித் தோல்களைத் திரட்டும் ஜமாஅத்துகளுக்கு, அன்றைக்கு எத்தனை அறுபட்டன என்பது தோலின் எண்ணிக்கையாலேயே தெரியும். அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, கால்நடை மருத்துவமனையில் ஒரு படி கொடுத்துவிட்டு வந்தால் போதும். தோல் வியாபாரிக்குச் சொல்லும் கணக்கை ஊருக்குச் சொல்வதில் என்ன கூச்சம்? வருகின்ற பெருநாளில் கரிசல் சீமையின் ஏதேனும் ஒரு மஹல்லா இதனைத் தொடங்கி வைக்கட்டும். மற்ற ஊர்கள் பின்னே வரும்.