கொள்கை வென்றது, ஆனால்...

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் இரவு, ஜெர்மனியில் எஞ்சியிருந்த மூன்று அணுமின் நிலையங்களும் நிறுத்தப்பட்டன. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, அந்நாட்டின் பார்லிமெண்டிலே நின்று, அணு உலையும் வேண்டாம், அணுகுண்டும் வேண்டாம் என்று வாதாடினார் ஒரு பெண்மணி. நடவாத காரியம் என்று நகைத்தனர் நாடாளும் கனவான்கள். அவர் கேட்டவற்றில் ஒன்று நடந்துவிட்டது. கேட்டவர்தான் இல்லை! அவரே பெட்ரா கெல்லி அம்மையார்.

யார் இவர்? 1947-ஆம் ஆண்டு பவேரியாவிலுள்ள குன்ஸ்பர்க் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். தாயார் அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். அந்த வளர்ப்புத் தந்தையின் பெயரே கெல்லி. குடும்பம் அமெரிக்கா சென்றது. வியட்நாம் போரை எதிர்த்தும், நீக்ரோ மக்களின் உரிமைக்காகவும் கிளர்ச்சிகள் நடந்த அந்த நாட்களில் வாஷிங்டனிலே கல்லூரி மாணவியாக இருந்தார். காந்தியாரிடமிருந்தும் மார்ட்டின் லூதர் கிங்கிடமிருந்தும் அறப்போரின் பாடத்தைக் கற்றார். 1970-இல் அவருடைய தங்கை, பத்தே வயதில், புற்றுநோய்க்குப் பலியானாள். அந்தத் துயரத்தை அவர் வீட்டுக்குள்ளே பூட்டி வைக்கவில்லை. குழந்தைகளைக் கொல்லும் இந்நோய்க்குக் காரணம் என்ன, கதிர்வீச்சுக்கு இதில் பங்கு என்ன என்று ஊரறியக் கேட்கத் தொடங்கினார்.

பிரஸ்ஸல்ஸ் நகரிலே ஐரோப்பிய சமூகத்தின் அலுவலகத்தில் நல்ல உத்தியோகம். ஆளுங்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியில் உறுப்பினர். வாய்மூடி இருந்திருந்தால் வாழ்வு வளமாக நடந்திருக்கும். ஆனால் 1979-இல், பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டின் அணுக் கொள்கையையும் ராணுவக் கொள்கையையும் ஏற்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பதவி பெறக் கட்சி மாறுவோரைப் பார்த்திருக்கிறோம். பதவியிலிருக்கும் கட்சியை விட்டுப் பாதையில்லாக் காட்டுக்குள் நடந்தவர் எத்தனை பேர்?

1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூஹே நகரிலே பசுமைக் கட்சி பிறந்தது. அதை நிறுவியவர்களில் முன்னணியில் நின்றார் அம்மையார். கட்சிகளுக்கு எதிரான கட்சி என்று அதற்கு அவர் பெயர் சூட்டினார். அந்த ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு ஒன்றரை வாக்குதான் கிடைத்தது. தொலைந்தார்கள் என்றனர் மேதாவிகள். மூன்றே ஆண்டுகள்! 1983 மார்ச்சில் நூற்றுக்கு 5.6 வாக்குகள், 27 இடங்கள். பான் நகரப் பார்லிமெண்டுக்குள் பூந்தொட்டிகளோடும், அமில மழையால் பட்டுப்போன மரக்கிளையோடும் நுழைந்தனர் புதிய உறுப்பினர்கள். கூத்து என்றனர் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. செத்த காட்டுக்கு வாக்குரிமை கிடையாது. அதன் சார்பில் ஒருவர் வந்தாகவேண்டும்!

அமெரிக்காவின் பெர்ஷிங் ஏவுகணைகள் மேற்கு ஜெர்மன் மண்ணில் கூடாது என்று லட்சோபலட்சம் மக்கள் திரண்ட காலம் அது. கூட்டத்தின் முன்னே நின்ற அம்மையாரை மாஸ்கோவின் கையாள் என்று தூற்றினர். அவரோ 1983 மே மாதம் கிழக்கு பெர்லினின் நடுச் சதுக்கத்துக்கே தோழர்களோடு சென்று, சமாதானப் பதாகையை விரித்தார். கிழக்கு ஜெர்மன் போலீசார் பிடித்துப் போயினர். அதே ஆண்டு, அந்நாட்டின் அதிபர் ஹொனெக்கரை நேரில் சந்தித்தபோதும் அங்கே ஒடுக்கப்பட்டவர்களுக்காகவே பேசினார். இரு முகாம்களின் குண்டையும் ஒரே நாவால் கண்டித்தவர் அவர். அதனால்தான் இரு முகாமிலும் அவருக்குப் பகைவர்கள்!

குறையே இல்லாதவரா? இல்லை. இரண்டாண்டுக்குப் பின் உறுப்பினர் பதவியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பசுமைக் கட்சி விதி வகுத்தது. பதவி மோகம் வேர்விடாதிருக்க வகுத்த விதி. 1985-இல் அம்மையார் அதற்கு இணங்க மறுத்தார். தொடங்கிய பணி பாதியில் அறுபடும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், கட்சி விதி தலைவருக்குப் பொருந்தாது என்றால் தொண்டருக்கு எப்படிப் பொருந்தும்? இதை நாம் குறையென்றே சொல்வோம். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வோம். தன் பெயரை உலகறியச் செய்தவரின் புகழையே குற்றமாகக் கருதியது அந்தக் கட்சி. அந்தக் குறை இதனினும் பெரிது.

1990 டிசம்பர் தேர்தலில் மேற்கு ஜெர்மனிப் பசுமைக் கட்சியினர் ஐந்து சதவிகித வரம்பைத் தாண்டவில்லை. அம்மையாரும் இடம் இழந்தார். 1991-இல் கட்சியின் தலைமைப் பொறுப்புக்குப் போட்டியிட்டார். கட்சி மாநாடு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1992 அக்டோபர் முதல் நாள், பான் நகர வீட்டிலே உறங்கிக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார் அவருடன் வாழ்ந்த முன்னாள் தளபதி கெர்ட் பாஸ்டியன், தம்மையும் சுட்டுக்கொண்டார். உடல்கள் கண்டெடுக்கப்பட்டது அக்டோபர் 19-இல்! உலகமெங்கும் நண்பர்களைக் கொண்ட ஒருவர், இரண்டரை வாரம் காணாமற் போயிருந்ததை அறிவார் இல்லை. வயது 44.

சேர்ந்து மாய்ந்த காதலர்கள் என்று அன்று எழுதிய ஏடுகள் உண்டு. உறங்குகிறவள் சம்மதம் கொடுப்பாளா? அவர் சாக விரும்பினார் என்பதற்கு ஆதாரம் ஏது? கொலையைக் கொலை என்றே எழுதவேண்டும். வாழ்நாளெல்லாம் ஆயுதத்தை எதிர்த்தவர், தம் வீட்டிலிருந்த துப்பாக்கிக்கே பலியானார். இதைக் காதற்கதை ஆக்குவது அவரை இரண்டாம் முறை கொல்வதாகும்.

1998-இல் அவருடைய கட்சி அரசிலே பங்கேற்றது. அணு உலைகளை மூடும் சட்டம் 2002-இல் நடைமுறைக்கு வந்தது. 2010-இல் பின்வந்த அரசு அந்தக் கெடுவை நீட்டியது. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்த விபத்து அதைத் திருத்தியது. நிலக்கரியை எரித்துக்கொண்டே அணு உலையை மூடலாமா என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும்; பட்ட மரக்கிளையைச் சபைக்குள் கொண்டுவந்தவர்கள் கரிப்புகையையும் எதிர்த்தவர்களே.

நாம் இங்கே கேட்பது வேறு. கொள்கைக்கு வெற்றி விழா எடுக்கிறோம். அதைச் சுமந்து களைத்தவரின் கதவை ஒருநாள் தட்டிப் பார்த்தோமா? ஏறியபின் ஏணியை மறப்பது ஜெர்மனிக்கு மட்டும் உரிய பழக்கமன்று. எதிர்ப்பிலே பிறந்து சபைக்குள் நுழையும் ஒவ்வொரு இயக்கமும் பெட்ரா கெல்லியின் வாழ்வைப் படிக்கட்டும். அவர் தனித்துக் கிடந்த அந்தப் பதினெட்டு நாட்களையும் சேர்த்தே படிக்கட்டும்.