சாபமன்று, பரம்பரையலகின் பிழை

திடகாத்திரனான இளைஞன் ஒருவன் விளையாட்டு மைதானத்தில் திடீரெனச் சாய்ந்து உயிர் நீத்தான் என்ற செய்தியை நாம் அவ்வப்போது பத்திரிகைகளிற் காண்கின்றோம். "விதி" என்று பெருமூச்செறிந்து மறந்தும் விடுகின்றோம். அவ்வீட்டார் மறப்பதில்லை. அவனுடைய சிறிய தந்தையாரும் இவ்வாறே மாண்டார் என்பதை அவர்கள் தமக்குள் மெல்லப் பேசிக்கொள்வர்.

கனடா தேசத்துக் குவிபெக் மாகாணத்திலே, கோட்டிகுக் என்னும் ஊரில், பிரெஞ்சு வழிவந்த குடும்பமொன்றில் இத்தகைய மரணங்கள் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தன. குடும்பத்தைப் பற்றிய சாபமென்றே பலர் எண்ணினர். 1958-ஆம் ஆண்டில் டொனால்ட் டீயர் என்னும் இலண்டன் நோயியல் நிபுணர், இளவயதினரின் இருதயத் தசை ஒருபுறமாக அளவுமீறித் தடித்திருக்கும் நோயை விவரித்தார். 1961-இல் பாரே என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும் குவிபெக் குடும்பத்தின் வமிசாவளியை ஆராய்ந்து வெளியிட்டனர். பெற்றோருள் ஒருவரிடம் பழுதுற்ற அலகு இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்தடைய இரண்டிலொரு வாய்ப்பு உண்டு.

அப்பழுது எங்கேயுள்ளது? பெரியதொரு நூல்நிலையத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் தேடுவோன், முதலில் அலமாரியைக் கண்டுபிடித்தல் வேண்டுமன்றோ? நோயுற்றோர் யாவரிடமும் காணப்பட்டு, நோயற்ற உறவினரிடம் காணப்படாத நிறமூர்த்தத் துண்டு எதுவென ஆராய்ச்சியாளர் தேடினர். ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டீன் சைட்மன், ஜொனதன் சைட்மன் தம்பதியரின் குழுவினர், 1989-இல் அது 14-ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதென அறிந்தனர். அலமாரி அகப்பட்டது. மறுவருடமே பிழையும் அகப்பட்டது. தசையைச் சுருங்கச் செய்யும் மயோசின் என்னும் புரதத்தை ஆக்கும் அலகில் ஓரெழுத்து மாறியிருந்தது. அதனால் 403-ஆம் இடத்து அமினோவமிலம் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று அமைந்தது. இத்துணைச் சிறு மாற்றமே பல உயிர்களைக் கொண்டது! பின்னர், தசையின் வேறு பல புரதங்களின் அலகுகளிலும் பிழைகள் கண்டறியப்பட்டன.

இவ்வாராய்ச்சி நமக்கும் உரியதே. மயோசினோடு பிணைந்து நிற்கும் மற்றொரு புரதத்தின் அலகில் 25 எழுத்துக்கள் அற்றுப்போன நிலை, தென்னாசிய மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உண்டென 2009-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. எனினும் அதனைத் தாங்கிய யாவரும் நோயாளிகள் அல்லர். வேறொரு பிழையும் உடன் சேரும்போதே தீங்கு மிகுகின்றது எனப் பின்வந்த ஆய்வாளர் கூறுகின்றனர். ஆதலின் வீண் அச்சம் வேண்டா.

வேண்டுவது வாய்மையே. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுங் காலத்தில் குடும்பத்து நோயை மூடி மறைப்பது நம்மிடையே வழக்கம். மறைத்த செய்தி பிள்ளையைக் காக்குமா? இளவயதில் எவரேனும் காரணமின்றி மாண்டிருப்பின், அதனை வைத்தியரிடம் கூறுங்கள். ஓடும்போது மயக்கமோ மார்பு நோவோ உறும் மாணவன் அதனை ஆசிரியரிடம் மறையாதிருக்கட்டும். ஈ.ஸீ.ஜி., எக்கோ என்னும் பரிசோதனைகள் பெரும்பாலும் தசையின் தடிப்பைக் காட்டிவிடும். ஆபத்து மிக்கோருக்கு மருந்துகளும், நெஞ்சிற் பொருத்துங் கருவியும் உள. மாண்டவரை நாம் மீட்க இயலாது. அவர்தம் தம்பியையும் தங்கையையும் காக்க இயலும்.