சக்கரத்துக்குச் சட்டம் உண்டு, கூரைக்கு?

கட்டில் ஓரத்தில் கால் வைத்ததும் தரைப்பலகை லேசாக அமுங்கியது. கலிஃபோர்னியாவில் நண்பர் குடும்பத்தோடு பழைய மோட்டார்ஹோம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். ஃபோர்டு ஈ-450 அடித்தளத்தில் கட்டிய வண்டி. எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது, ஓட்டமும் குறைவு. நண்பரின் மனைவி அலமாரிக் கதவைத் திறந்து, “அண்ணா, இந்த மூலையைக் கொஞ்சம் பாருங்க” என்றார். பிளைவுட்டில் டீக்கறை போல வளையம் வளையமாக ஒரு தடம். மழைநீர் இறங்கிய தடம். ஏணியில் ஏறிப் பார்த்தால், அழுக்கேறிய கூரையில் அந்த விளிம்பில் மட்டும் புது சீலன்ட் பளபளத்தது.

“கவலைப்படாதீர்கள். இப்போது எடுத்துப் போங்கள், அடுத்த மாதம் கொண்டுவந்தால் சரிசெய்து தருகிறோம்” என்றார் விற்பனையாளர். அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் ‘ஆஸ் இஸ்’ என்று அச்சிட்டு, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன், இனி வரும் செலவு என்னுடையது என்று அதற்குப் பொருள். வாயால் சொன்ன ‘அடுத்த மாதம்’ அந்தக் கையெழுத்துக்கு முன்னால் நிற்காது.

அமெரிக்காவில் 2021-ல் மட்டும் மோட்டார்ஹோம்களும் இழுவை வண்டிகளுமாக 6,00,240 ஆலையிலிருந்து வெளியே போயின. கொரோனாவுக்குப் பயந்து விமானத்தையும் ஓட்டலையும் தவிர்த்த குடும்பங்கள் அவற்றை வாங்கின. இரண்டே ஆண்டில் அந்த எண்ணிக்கை 3,13,174-ஆகச் சரிந்தது. அன்று வாங்கியவை பலவும் இன்று கைமாறுகின்றன. யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கோடை விடுமுறைக்குக் கிளம்பும் நம் குடும்பங்களும் அவற்றை விலை பேசுகின்றன. ஒரு வீட்டின் முன்பணம் அளவுக்குப் போகிற தொகை இது. இதில் வாங்குபவருக்குச் சட்டம் தரும் காவல் எவ்வளவு என்று பார்த்தால் மனம் கசக்கிறது.

பழைய கார் விற்கும் டீலர், வாரண்டி உண்டா, ‘ஆஸ் இஸ்’தானா என்பதைக் கண்ணாடியில் ஒரு தாளாக ஒட்ட வேண்டும் என்பது மத்திய வணிக ஆணையத்தின் விதி. 1985 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால், முழுச் சுமையோடு 8,500 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும். நாங்கள் பார்த்த ஈ-450 அடித்தளத்துக்கு அனுமதித்த எடையே 14,500 பவுண்டு. மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை இப்படியே விதிக்கு வெளியே போய்விடுகின்றன. சாதாரண காருக்கு ஒட்டும் தாள், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வண்டிக்கு இல்லை.

கலிஃபோர்னியாவின் சட்டம் நுகர்வோர் பக்கம் நிற்பது என்று பெயர் பெற்றது. திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ள வைக்கும் அந்தச் சட்டமும், மோட்டார்ஹோமில் ஓடுவதற்கான பகுதியை மட்டுமே கணக்கில் கொள்கிறது. மனிதர் வசிக்கும் பகுதியை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் அம்மாநில உச்ச நீதிமன்றம், ஆலை வாரண்டியில் மிச்சக் காலம் இருந்தாலும் பழைய வண்டி இந்தச் சட்டத்தில் ‘புது வண்டி’ ஆகாது என்று தீர்ப்பளித்தது. வாரண்டி மிச்சம் இருக்கிறது என்று டீலர் சொன்னால், அது யார் பெயருக்குச் செல்லும் என்று கேளுங்கள். முதல் உரிமையாளரோடு முடிந்துபோகும் வாரண்டிகள் பல. அடித்தளத்துக்கு ஒரு நிறுவனம், ஜெனரேட்டருக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு வேறொன்று என்று பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. இரண்டு பாகம் சேரும் இடத்தில்தான் தண்ணீர் ஒழுகும். அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

ஆகவே, பழுது பற்றிய பேச்சு பணம் கைமாறும் முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டயர், பாட்டரி போன்றவற்றுக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம். செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். அந்த வண்டியின் டயரில் 2318 என்ற எண் இருந்தது. 2018-ன் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் நரம்பு நரம்பாக வெடிப்பு. புது டயர் விலையைக் கழிக்கச் சொன்னோம், உடனே ஒத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் இறங்கிய சுவர் அப்படி அல்ல. உள்ளே எத்தனை அடிக்கு மரம் மக்கியிருக்கிறது என்பது சுவரைப் பிரிக்காமல் யாருக்கும் தெரியாது. தெரியாத செலவுக்கு மூவாயிரம் டாலர் தள்ளுபடி வாங்குவது பாதுகாப்பு ஆகாது. பிரித்து, சரிசெய்து, சுயேச்சையான பரிசோதகர் ஈரமானியை வைத்துப் பார்த்த பிறகே பணம் என்று சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜை முந்தின நாள் இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேஸில் ஓடும் வகை குளிர்ந்து காட்டவே பல மணி நேரம் பிடிக்கும். ஜெனரேட்டரை ஏசியோடு சேர்த்து அரை மணியாவது ஓடவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: டீலரே தன் பெயரில் தரும் எழுத்து வாரண்டி, முப்பது நாளுக்கானாலும் சரி. 1975-ன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, எழுத்தில் வாரண்டி கொடுத்தவர் ‘பொருள் அதன் பயனுக்கு ஏற்றதாக இருக்கும்’ என்ற சட்டத்தின் உள்ளார்ந்த உத்தரவாதத்தை முழுவதுமாக மறுக்க முடியாது. அதன் காலத்தைத் தன் வாரண்டியின் காலத்துக்குச் சுருக்கலாம், அவ்வளவுதான். ‘ஆஸ் இஸ்’ என்பதன் வலுவை அந்தச் சிறு தாள் உடைக்கிறது. தராவிட்டால், இன்னின்ன பழுதை இந்தத் தேதிக்குள் எங்கள் செலவில் சரிசெய்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நாங்கள் சுவரைப் பிரிக்கச் சொன்னோம். டீலர் மறுத்தார், திரும்பிவிட்டோம். பின்சீட்டில் குழந்தைகள் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். நண்பருக்கு விஷயம் தெரிந்த ஒருவர் உடன் இருந்தார். அடுத்து அந்த வண்டியைப் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. மத்திய வணிக ஆணையம் அந்த 8,500 பவுண்டு வரம்பை மோட்டார்ஹோம்களுக்கு நீக்க வேண்டும். வசிக்கும் பகுதியை விலக்கி வைத்த வரியை கலிஃபோர்னிய சட்டமன்றம் அழிக்க வேண்டும். அங்கே வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு இதை எழுதுங்கள்.