இயக்கரின் ஐயுறவு: இயல்பா, வரலாறா?

நாட்டார் வழிபாடு பற்றி எழுதப் புகுவோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. கிராமத்துத் தெய்வங்களை முதலில் நிரைப்படுத்துவர். கண்ணகியும் மாரியும் பிள்ளையாரும் தத்தமக்குரிய மதிப்போடு பேசப்படுவர். காட்டிலும் நீர்நிலையிலும் தனிமரத்திலும் உறையும் தெய்வத்தை அடைந்ததும் நடை மாறிவிடும். அது மனிதர் கண்ணிற் படாது ஒதுங்கி வாழும், அந்நியரை நம்பாது, தன் எல்லையைக் கடந்தோரைத் தண்டிக்கும், எளிதிற் சினக்கும். இப்படி ஒரு குணப்பட்டியல் தந்து, துட்டதெய்வம் என்றொரு பெயருஞ் சூட்டி, கட்டுரையாசிரியர் அடுத்த தலைப்புக்கு நகர்ந்துவிடுவார். அத்தெய்வம் ஏன் நம்புவதில்லை என்ற வினாவை அவர் எழுப்புவதில்லை.

வேம்பு கசப்பது இயல்பு. புலி ஊன் உண்பது இயல்பு. ஐயுறவு அத்தகையதன்று. ஒருவர் மற்றவரை ஐயுறுகின்றார் எனின், அவ்விருவரிடையே முன்னர் ஏதோ நிகழ்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததை மறைத்து, எஞ்சியதை மாத்திரம் குணமென்று பெயரிடுவது, அடித்தவன் யாரென்று கூறாது அடிபட்டவன் உடலிலுள்ள தழும்பை வருணிப்பதை ஒக்கும். காட்டுத் தெய்வத்தின் ஐயுறவு அதன் பிறவிக்குணமன்று. அது ஒரு வரலாற்றின் எச்சம். அவ்வரலாற்றிலிருந்து பிறந்த ஓர் ஒழுங்கு. இதுவே யான் நிறுவ விழைவது.

நிகழ்ந்தது யாது? இயக்கர் எழுதிய நூல் எதுவும் எம்மிடம் இல்லை. அவர்களை வென்றதாகக் கூறுவோரின் நூலே உண்டு. அதனையே சாட்சியாக அழைப்போம். மகாவம்சத்தின் முதலாம் அதிகாரத்தில், மகியங்கனையிற் கூடியிருந்த இயக்கர் அச்சுறுத்தப்பட்டுக் கிரிதீபம் என்னும் வேறொரு தீவுக்கு அகற்றப்படுகின்றனர். ஏழாம் அதிகாரத்தில் விசயன் வருகின்றான். குவேனி என்னும் இயக்கி முதலிற் பகைத்தாள், வாள்முனையில் அடங்கினாள், பின்னர் அவனை நம்பினாள். அவள் காட்டிய வழியிலேயே, மணவிழாவொன்றிற் கூடியிருந்த அவளுடைய இனத்தார் கொல்லப்பட்டனர். அரசு கைக்கு வந்த பின்னர் அரசகுலத்துப் பெண் தேவைப்பட்டாள். மதுரையிலிருந்து பாண்டியன் மகள் வந்தாள். குவேனி தன் மக்களோடு வெளியேற நேர்ந்தது. தன் இனத்தாரிடம் மீண்ட அவளை ஒற்றுப்பார்க்க வந்தவளெனக் கருதிய இயக்கன் ஒருவன் ஒரே அடியிற் கொன்றான். மக்கள் இருவரும் மலைநாட்டுக்கு ஓடினர். அவர்களிடமிருந்தே புலிந்தர் தோன்றினர் என்று நூல் கூறி முடிக்கின்றது.

இஃது ஐதிகமே, வரலாறு என்று எவரும் சாதிக்க வேண்டியதில்லை. எனினும் ஐதிகம் தன்னை அறியாமலே உண்மை கூறும். இயக்கரின் ஐயுறவு அந்நூலிலேயே பிறந்து வளர்வதை நாம் காண்கிறோம். இயக்கருள் அந்நியனை நம்பியவள் ஒருத்தியே. அவளுக்கு நேர்ந்ததும் அதுவே. அதன் பின்னரும் இயக்கர் எவரையும் நம்பியிருப்பரேல் அவர்களை நாம் மூடர் என்றல்லவா அழைத்திருப்போம்? மதுரையிலிருந்து மணமகள் சென்ற செய்தியை எம்மவர் பெருமிதத்தோடு எடுத்துரைப்பதுண்டு. அம்மணப்பந்தலின் பின்வாயிலால் வெளியேறியவள் யார் என்பதை உரைப்பார் அரியர். இயக்கரைத் துரத்திய பழி ஓர் இனத்தாருக்கு மாத்திரம் உரியதன்று. அக்கதையிலே எமக்கும் ஒரு பங்குண்டு.

இனி, ஒதுங்கி வாழ்தல் என்னும் இரண்டாவது குற்றச்சாட்டை நோக்குவோம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈராண்டு காலம் இலங்கையிலே தங்கிய சீனத் துறவி பாகியன் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். இந்நாட்டில் ஆதியில் மனிதர் இல்லை. ஆவிகளும் நாகருமே வாழ்ந்தனர். பல நாட்டு வணிகரும் அவர்களோடு வாணிகம் செய்தனர். வாணிக வேளையில் ஆவிகள் தம்மை வெளிக்காட்டுவதில்லை. பொருளை வைத்து, அதன் விலையையும் குறித்து வைப்பர். வணிகர் அவ்விலையைச் செலுத்திப் பொருளை எடுத்துச் செல்வர். பொருள் உண்டு, விலை உண்டு, கொடுப்பார் முகம் மாத்திரம் இல்லை. வஞ்சித்ததாகவும் செய்தி இல்லை.

பாகியனுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளின் பின்னர், 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலில் இதே வாணிகம் மீண்டும் தோன்றுகின்றது. இப்பொழுது செய்வோர் ஆவிகள் அல்லர், வேடர். அம்பு வேண்டுமாயின் அவர்கள் இரவிலே இறைச்சியைச் சுமந்து வந்து கொல்லனின் பட்டறையிலே தொங்கவிடுவர். அம்பின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகே தொங்கவிடுவர். கொல்லன் அவ்வண்ணமே செய்து அதே இடத்தில் வைப்பானாயின் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாது விடுவானாயின் ஓர் இரவில் எங்கிருந்தோ அம்பு வரும்.

இதனை ஊன்றி நோக்குக. கண்ணிற் படாமை, இரவில் நடமாட்டம், வைத்த படையலுக்கு ஈடு செய்தல், வாக்குத் தவறியவனைத் தண்டித்தல் ஆகிய யாவும், எம் கட்டுரையாளர் காட்டுத் தெய்வத்துக்கு எழுதும் குணப்பட்டியலே அன்றோ? ஆனால் நொக்ஸின் பக்கத்தில் அது குணமாகத் தோன்றவில்லை. ஓர் ஒப்பந்தமாகத் தோன்றுகின்றது. முகம் காட்டுவது ஆபத்து என்று அனுபவத்தால் அறிந்தவன், முகம் காட்டாமலே நேர்மையாக வாழ வகுத்துக்கொண்ட முறை அது. இதனை எழுதியவர் யார் என்பதும் கருதத்தக்கது. நொக்ஸ் 1660இல் எமது கொட்டியாரக் கரையிலே, கண்டி மன்னனின் ஆட்களது நல்வரவை நம்பியவர்களோடு சிறைப்பட்டவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மீள இயலாது தவித்தவர். நம்பிக் கெட்ட ஒருவர், நம்ப மறுத்தவர்களைப் பற்றி இகழ்ச்சியின்றி எழுதியதில் வியப்பில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டு எல்லை பற்றியது. வேடருக்குக் காட்டிலே வரையறுத்த எல்லைகள் இருந்தன என்றும், ஒரு கூட்டத்தார் மற்றவர் எல்லையில் வேட்டையாடவோ தேனெடுக்கவோ கனி கொய்யவோ கூடாது என்றும் நொக்ஸே கூறுகின்றார். எல்லையில் நின்ற ஒரு பலாமரத்தின் கனி பற்றி எழுந்த வாய்ச்சண்டை, இருபது முப்பது பேரின் உயிரைக் குடித்ததாகவும் அவர் எழுதியுள்ளார். இதனை யான் மறைக்கவில்லை, புகழவும் இல்லை. காட்டு மக்களைக் களங்கமற்ற குழந்தைகளாக வருணிப்பதும் அவர்களை இழிவுபடுத்தும் இன்னொரு வழியே. யான் கூறுவது ஒன்று. எல்லை என்பது அந்நியனைத் துன்புறுத்துவதற்காகத் தெய்வம் கண்டுபிடித்த சூழ்ச்சியன்று. அது முதலில் அக்காட்டு மக்களையே கட்டியது. இன்ன அளவுக்கு மேல் எடாதே என்று தம்மவருக்கே விதித்த சட்டம் அது. அச்சட்டத்துக்குக் காவலாக நின்ற தெய்வம், சட்டத்தை அறியாது நுழைந்தவன் கண்ணுக்குக் கொடியதாகத் தோன்றியது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மகாவலியின் கிளையான வெருகலாறு கடலைச் சேரும் பகுதியை அண்டிக் கிடப்பது ஈச்சிலம்பற்று. ஒருபுறம் கடல், மறுபுறம் காடு, இடையே வயலும் களப்பும். அப்பகுதியைச் சேர்ந்தவன் என்ற வகையில் ஒன்று கூறுவேன்: எம் மூத்தோர் காட்டுத் தெய்வத்தைக் கொடியது என்று சொல்லி வெறுத்தவர் அல்லர், முறை தெரிந்து பழக வேண்டியது என்றே கருதினர். காட்டுவழியிலே குழை முறித்து மரத்தில் இட்டுச் செல்லும் வழக்கம் வன்னியிலும் கிழக்கிலும் நிலவியது. அஃது அச்சத்தின் அடையாளம் மாத்திரமன்று. உன் எல்லைக்குள் வந்துள்ளேன் என்ற அறிவித்தல். சூடு மிதிக்கும் களத்திலே நெல்லை நெல்லென்று கூறாது பொலி என்று கூறுவர். பூதங்கள் கேட்டுக் கவர்ந்து செல்லும் என்பது நம்பிக்கை. ஆகவே ஐயுறவு ஒருபக்கத்துக்கு மாத்திரம் உரியதன்று. தெய்வம் எம்மிடமிருந்து முகத்தை மறைத்தது; நாம் தெய்வத்திடமிருந்து சொல்லை மறைத்தோம். தெய்வத்தின் மறைப்பைத் துட்டத்தனம் என்றும், எமது மறைப்பை மரபு என்றும் எழுதுவது எவ்வகை நீதி?

எம் இலக்கியமும் இவ்விடயத்தில் எம் கட்டுரையாளரினும் நுண்மையாகவே நடந்துள்ளது. சிலப்பதிகாரத்திலே, மதுரையின் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் இடைக்குல முதுமகள் மாதரியிடமே கோவலனும் கண்ணகியும் அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகின்றனர். நகரத்தின் அரசன் ஆராயாது கொலை செய்வித்தான். நகருக்குப் புறத்தே இயக்கியை வழிபட்டவளோ அறியாதாரை ஏற்றுக் காத்தாள். காக்க இயலாமற் போனதற்காக உயிரையும் விட்டாள். அந்நியரிடம் இரக்கமற்றது என்று இயக்கி வழிபாட்டைக் கூறுவோர் இந்த இடத்தை மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

இவ்விவாதம் வெறும் தெய்வங்களைப் பற்றியது மாத்திரமாயின் இத்துணை சினம் வேண்டியதில்லை. வெருகல், ஈச்சிலம்பற்று, வாகரை ஆகிய பகுதிகளிலே கரையோர வேடர் என அறியப்படுவோர் எம்மோடு வாழ்கின்றனர். தமிழே பேசுகின்றனர், மீன் பிடிக்கின்றனர், சேனை செய்கின்றனர், தேன் எடுக்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இக்கரையோர மக்களைப் பற்றியும் எழுதினர். கப்பலேறிக் கடல்வழி வந்த ஆவிகளுக்கும் இவர்கள் சடங்கு செய்த செய்தி அதில் உண்டு. அந்நியரை நம்பாதவர் என்று இகழப்படுவோர், அந்நியரின் ஆவிக்கும் தம் களத்தில் இடம் ஒதுக்கினர். இதற்கு ஈடாக நாம் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் யாது?

இம்மக்களைப் பற்றி எம்மவர் வாயில் வரும் சொற்களைக் கேளுங்கள். ஒதுங்கிப் போவார்கள், எவரையும் நம்பமாட்டார்கள், காட்டை விட்டு வரமாட்டார்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பமாட்டார்கள், சட்டென்று கோபிப்பார்கள். தெய்வத்துக்கு எழுதிய அதே பட்டியல் மனிதருக்கு இடம் மாறியுள்ளது. தெய்வத்தின் ஐயுறவைப் பிறவிக்குணம் என்று ஏற்றுக்கொண்ட உள்ளம், மனிதரின் ஐயுறவையும் அவ்வாறே ஏற்றுக்கொள்கின்றது. பிறவிக்குணம் ஆகிவிட்டால் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வைத்தியரும் ஆசிரியரும் ஏன் அக்குடியிருப்புகளை எட்டவில்லை என்று கேட்க வேண்டியதில்லை. அவர்கள் தேனெடுத்த காடு எவர் கைக்குப் போயிற்று என்றும் கேட்க வேண்டியதில்லை.

எமக்கு இரு திசையிலிருந்தும் மறுப்பு எழும். பகுத்தறிவாளர், பேயும் தெய்வமும் பொய். அவற்றுக்கு ஏன் வழக்காடுகின்றாய் என்பர். யான் பேய்க்கு வழக்காடவில்லை. இல்லாத ஒன்றுக்கு மனிதர் ஒரு குணத்தைக் கற்பிக்கும்போது, தம் அனுபவத்திலிருந்தே எடுத்துக் கற்பிக்கின்றனர். அவ்வனுபவம் பொய்யன்று. மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் அதனைத் துடைத்தெறிவது பகுத்தறிவும் அன்று, சோம்பல்.

மறுபுறத்தே திருப்பணியாளர் வருவர். மரத்தடிக் கல்லைப் பெயர்த்து, மண்டபம் எழுப்பி, காட்டுத் தெய்வத்தைச் சைவமாக்கிச் சாந்தப்படுத்திவிட்டோம் என்பர். சாந்தப்படுத்தினரோ, வாயடைத்தனரோ? முன்னர் அக்கல்லின் முன் ஆடிச் சொன்ன முதியவர் இப்பொழுது மண்டபத்துக்கு வெளியே நிற்கின்றார். தெய்வம் உயர்ந்ததாகச் சொல்லப்படுகின்றது. அதற்கு உரியவர் ஒருபடி கீழே இறங்கிவிட்டார். பகுத்தறிவாளரும் திருப்பணியாளரும் தம்முள் எத்துணை பகைத்தாலும், காட்டு மனிதனின் சொல்லைக் கேட்கத் தேவையில்லை என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

நிலத்தோடு பிணைந்திருத்தல் என்பதன் பொருளை இன்னொருவர் சொல்லி எம்மவர் அறிய வேண்டிய நிலையும் இன்று இல்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் எழுந்து எம் கரையை வாரிச் சென்றது. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போரில், ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் பெயர்ந்தனர். முகாம்களிலே வாழ்ந்த அம்மக்கள் நிவாரணப் பொருளைக் காட்டிலும் அடிக்கடி கேட்டது ஒன்றே: ஊருக்கு எப்பொழுது போகலாம்? பதிவேட்டுடன் வருவோரை அவர்கள் ஐயத்தோடு நோக்கினர். கேட்டதற்கு மாத்திரம் விடை கூறினர். அவர்களை எவரேனும் பிறவியிலேயே ஐயுறவுடையோர் என்று எழுதுவாராயின் நாம் பொறுப்போமா? எமக்கு வேண்டும் நீதியை எம் அயலில் வாழும் வேடருக்கும், அவர் தொழும் தெய்வத்துக்கும் மறுப்பது எங்ஙனம்?

ஆகவே நாட்டாரியல் கற்கும் எம் மாணவ நண்பர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் யான் கூறுவது இதுவே. துட்டதெய்வம், சிறுதெய்வம் என்ற பெட்டிகளை இனியேனும் கைவிடுவோம். ஒரு தெய்வத்தின் குணத்தைக் குறிக்குமுன், அக்குணம் யாரோடு பழகியதால் வந்தது என்பதைக் குறிப்போம். கள ஆய்வுக்குச் செல்லும்போது, எடுத்து வருவதற்கு முன் எதைக் கொடுக்கப் போகின்றோம் என்று எண்ணிச் செல்வோம். கொல்லனின் பட்டறையிலே இறைச்சி தொங்குகின்றது. அருகே இலையும் தொங்குகின்றது. கேட்டது இன்னதென்று தெளிவாகவே வெட்டிக் காட்டப்பட்டுள்ளது. இறைச்சியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அம்பு எய்பவன் கொடியவன் என்று நூல் எழுதும் கொல்லராக நாம் இருத்தல் தகாது.